'ஸ்டாப்ட் டு யூஸ்'னு எழுதி ஆர்டரே நின்னு போச்சு... டு எங்க போடணும், இங் எங்க போடணும்?

கோரைப்பாய் கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எனக்கு சேரன்மாதேவி பக்கம். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், பொறவு பிகாம் கரஸ்ல முடிச்சேன். எங்க மாமா பத்தமடை பாய் வாங்கி வெளியூருக்கு அனுப்புதாவ, அதுல பில்லு போடுறது, மெயில் அனுப்புறது எல்லாம் நாந்தான். மாமாவுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, எனக்கு வரும்னு அவிய நம்பிக்கிட்டு இருந்தாவ, அந்த நம்பிக்கைலதான் இப்ப மண்ணு விழுந்துட்டு.

விஷயம் இதான். பெங்களூர்ல ஒரு பார்ட்டி, நம்மகிட்ட ரெகுலரா எடுக்கவங்க. போன லோடுல கொஞ்சம் பாய்ல நைலான் நூல் கலந்துட்டு, அவங்களுக்கு அது ஆகல, முழுசும் பருத்தி நூல்தான் வேணும்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. மாமாவும் தறிக்காரங்ககிட்ட பேசி நைலானை அடியோட நிப்பாட்டியாச்சு. அத நான் மெயில்ல சொல்லணும், ஒரே ஒரு வரி. நான் எழுதுனது "வீ ஸ்டாப்ட் டு யூஸ் நைலான் த்ரெட்."

மறுநாள் பதில் வருது, என்னது நைலான் போடுறதுக்காக வேலைய நிப்பாட்டுனீங்களா, வேண்டாம்னுதான சொன்னோம், அடுத்த ஆர்டரை ஹோல்டுல வைக்கோம்னு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. போன் போட்டு தமிழ் பாதி இங்கிலீஷ் பாதியா வெளக்குன பொறவு அந்த மேடம் சிரிச்சுட்டு, தம்பி நீங்க "ஸ்டாப்ட் யூசிங்"னு எழுதிருக்கணும்னு சொன்னாங்க. ஆர்டர் இன்னும் ரிலீஸ் ஆகல, ஒழுங்கா ஒரு மெயில் எழுதி அனுப்பச் சொல்லிருக்காங்க, அவங்க மேல உள்ளவங்களுக்கு காட்டணுமாம்.

ரெண்டு வருஷம் முன்ன ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டருக்கு துட்டு கட்டிப் போனேன். அங்க இந்தப் பாடத்துக்கு ரெண்டு பக்க ஜெராக்ஸ் குடுத்தாவ, இந்தப் பக்கம் இங் வர்ற வெர்பு, அந்தப் பக்கம் டு வர்ற வெர்பு, மனப்பாடம் பண்ணிட்டு வாங்க, அவ்வளவுதான் கிளாசு. ஏன்னு கேட்டா "இங்கிலீஷ் அப்படித்தான்"னு பதில். அந்த லிஸ்ட்ல 'ஸ்டாப்' ரெண்டு பக்கமும் இருக்கு! அப்புறம் "லுக்கிங் ஃபார்வர்ட் டு"க்குப் பொறவு 'இங்' வரும்னு ஒருத்தர் சொல்லுதாரு, டு வந்தா வெறும் வெர்புதான வரணும்? தலையே சுத்துது. லிஸ்ட் இல்லாம இது மண்டைல ஏற வழி இருக்கா? ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ்னு பேரு மட்டும் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது, அத மனசுல வச்சு சொல்லுங்க.

பதனிக்காரன்:

ஏல மக்கா இதுக்குப் போயி ஏன் இம்புட்டு பயப்படுத. ஒரே ரூல்தான், எங்க அண்ணன் சொல்லிக் குடுத்தது. நடந்து முடிஞ்சதுன்னா இங், இனிமே நடக்கப் போறதுன்னா டு. 'வான்ட் டு', 'ஹோப் டு', 'பிளான் டு' எல்லாம் இனிமே நடக்கப் போறது. 'என்ஜாய்', 'ஃபினிஷ்', 'ஸ்டாப்' எல்லாம் ஏற்கெனவே நடந்தது இல்லன்னா நடந்துக்கிட்டு இருக்கது. சோலி முடிஞ்சு. போயி மெயில அனுப்பு.

பாளை டீச்சரம்மா:

தம்பி பதனி, அந்த ரூலை நானும் ஒரு காலத்துல கிளாஸ்ல சொல்லிக் குடுத்துருக்கேன், அதனால உரிமையோட சொல்லுதேன், பாதி தூரம்தான் வண்டி ஓடும், பாதி வழில பஞ்சர். "கன்சிடர்"னா யோசிக்கது, யோசிக்கதெல்லாம் இனிமே செய்யப் போறதுதான, ஆனா "ஐ ஆம் கன்சிடரிங் பையிங் எ பைக்"னுதான் வரும். "சஜஸ்ட்"டும் அப்படித்தான், "அவாய்ட்"டும் அப்படித்தான். அந்தப் பக்கம் "மேனேஜ்" பாரு, "ஹீ மேனேஜ்டு டு கேட்ச் தி பஸ்"னா பஸ்ஸு புடிச்சு ஏறி உக்காந்தாச்சு, நடந்து முடிஞ்ச கதை, ஆனா டு. ஒரேயடியா தப்புன்னு சொல்லல, 'ரிமெம்பர்', 'ஃபர்கெட்', 'ரிக்ரெட்' மூணுக்கும் அது அச்சா பொருந்தும், அதுக்கு பின்னால வாரேன்.

கோரைப்பாய் தம்பி, நான் பாளையங்கோட்டைல முப்பது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவ. தென்னிந்தியாவோட ஆக்ஸ்ஃபோர்டுன்னு நம்ம ஊருக்குப் பேரு இருக்கு, ஆனா இந்த டு, இங் சமாசாரத்துல தடுமாறாத பிள்ளைய நான் பாத்ததே இல்ல, அதனால வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுமையா படி.

நீ பண்ணுன தப்பையே எடுத்துக்கிடுவோம். மாமாட்ட தமிழ்ல இத எப்படி சொல்லுவ? "நைலான் யூஸ் பண்றதை நிப்பாட்டிட்டோம்"னுதான? அந்த 'பண்றதை'ல 'ஐ' இருக்கு பாரு, இரண்டாம் வேற்றுமை. வேற்றுமை உருபு பேரு மேலதான் ஒட்டும், வினை மேல ஒட்டாது. "பாயை நிப்பாட்டு, வண்டியை நிப்பாட்டு, யூஸ் பண்றதை நிப்பாட்டு" மூணும் ஒரே சாதி. அப்ப 'பண்றது' இங்க வினை இல்ல, ஒரு செயலுக்கு வச்ச பேரு. பள்ளிக்கூடத்துல தொழிற்பெயர்னு படிச்சிருப்பியே, நடத்தல், ஓடுதல், உண்ணல்னு, அதான் இங்கிலீஷ்ல ஜெரண்ட். வேற ஒண்ணுமே இல்ல. 'யூசிங்'.

இப்ப "நைலான் யூஸ் பண்ண நிப்பாட்டுனோம்"னு சொல்லிப் பாரு. என்ன அர்த்தம் வருது? எதையோ நிப்பாட்டிட்டு, நைலான் யூஸ் பண்ணப் போனோம்னு வருது. நீ எழுதுன மெயிலு அச்சு அசல் இதான். அந்த பெங்களூர் மேடம் சரியாத்தான் படிச்சிருக்காங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. 'பண்ண', 'போக', 'வாங்க', 'சாப்பிட'ன்னு வர்ற அந்த எச்சம்தான் இன்ஃபினிட்டிவ், 'டு யூஸ்', 'டு கோ'. "டீ குடிக்க வண்டிய நிப்பாட்டுனான்"னா "ஹீ ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ". "டீ குடிக்கதை நிப்பாட்டிட்டான்"னா "ஹீ ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ". மொத ஆளு முருகன்குறிச்சி டீக்கடைல நிக்கான், ரெண்டாவது ஆளு டாக்டரப் பாத்துட்டு வந்துருக்கான்.

அதனால நான் லிஸ்ட மொதல்ல குடுக்க மாட்டேன். தமிழ்ல சொல்லிப் பாருன்னுதான் சொல்லுவேன். "போக ஆசப்படுதேன்", அப்ப "வான்ட் டு கோ". "வர சம்மதிச்சான்", "அக்ரீட் டு கம்". "நீந்த கத்துக்கிட்டேன்", "லேர்ன்ட் டு ஸ்விம்". அந்தப் பக்கம் "போறதை தவிர்த்தேன்", "அவாய்டட் கோயிங்". "ஆத்துல குளிக்கதை ரசிச்சேன்", "என்ஜாய்ட் பேத்திங் இன் தி ரிவர்". எனக்கு ரொம்பப் பிடிச்சது 'மறுத்தான்'. தமிழ்ல ஒரே சொல்லு. "பொய் சொல்ல மறுத்தான்"னா சொல்ல மாட்டேன்னுட்டான், அது "ரெஃப்யூஸ்ட் டு லை". "பொய் சொன்னதை மறுத்தான்"னா சொல்லவே இல்லைங்கான், அது "டினைட் லையிங்". இங்கிலீஷ்காரன் ரெண்டு வெர்பு வச்சு பண்ணுத வேலைய நாம ஒரு எச்சத்துலயும் ஒரு 'ஐ'லயும் முடிச்சிருதோம்.

இன்னொண்ணு 'ட்ரை'. இதுக்குப் பெரிய பெரிய புஸ்தகத்துல அரைப் பக்கம் எழுதுவாங்க, நம்மளுக்கு அரை வரி போதும். "கதவைத் திறக்கப் பாத்தேன்", "ஐ ட்ரைட் டு ஓப்பன் தி டோர்", முடியல, மழைக்கு உப்பி இறுகிட்டு. "கதவைத் திறந்து பாத்தேன்", "ஐ ட்ரைட் ஓப்பனிங் தி டோர்", திறந்தாச்சு, ஆனா வெக்கை கொறையல. சொதில புளிப்பு பத்தலைன்னா "எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாரு"ன்னு சொல்லுவோம்லா, "ட்ரை ஆடிங் சம் லைம்". பிழியப் பாருன்னு யாராவது சொன்னா பழம் கல்லு மாதிரி இருக்குன்னு அர்த்தம். (சொதிய அடுப்புல இருந்து எறக்கின பொறவுதான் பிழியணும், இல்லன்னா தேங்காப்பால் திரிஞ்சு போகும், அது வேற பாடம்.)

அந்த மூணுக்கு வாரேன்னு சொன்னேன்லா. "ரிமெம்பர் டு ஸ்விட்ச் ஆஃப் தி மோட்டார்"னா மோட்டார அமத்த ஞாபகம் வச்சுக்கோ, இனிமேதான் அமத்தணும். "ஐ ரிமெம்பர் ஸ்விட்சிங் ஆஃப் தி மோட்டார்"னா அமத்துனது எனக்கு ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுக்காரவுக ரெண்டாவதத்தான் எப்பவும் சொல்லுவாக, மாடில டேங்க் நெறஞ்சு வழிஞ்சுக்கிட்டு இருக்கும். "ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ"ன்னா வருத்தமான சேதிய இப்பத்தான் சொல்லப் போறாங்க, "ரிக்ரெட் டெல்லிங் ஹிம்"னா அவன்ட்ட சொல்லித் தொலைச்சுட்டேனேன்னு புலம்பல்.

"லுக் ஃபார்வர்ட் டு" பத்தி கேட்டியே, அது ராத்திரி எழுதுதேன், பேத்திய ட்யூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணும்.

மேம்பாலத்தடி:

டீச்சர் அந்த 'மறுத்தான்' செமயா இருக்கு, நோட்ல எழுதிக்கிட்டேன். நான் ஜங்ஷன்ல ஒரு கோச்சிங்ல பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கேன், எர்ரர் ஸ்பாட்டிங்ல இந்த டாப்பிக்தான் எனக்கு மார்க்க சாப்பிடுது. கோரைப்பாய் ப்ரோ நீங்க மெயில் எழுதுறதுக்கு உபயோகமா நான் வாங்குன அடில கொஞ்சம் சொல்றேன்.

'சஜஸ்ட்'டுக்கு அப்புறம் எப்பவுமே 'டு' கெடையாது. "ஹீ சஜஸ்டட் மீ டு கோ"ன்னு நாம எல்லாரும் பேசுறோம், தப்பு. "ஹீ சஜஸ்டட் கோயிங்", இல்லன்னா "ஹீ சஜஸ்டட் தட் ஐ கோ". ஆனா 'அட்வைஸ்' கொஞ்சம் கோக்குமாக்கு, ஆள் பேரு நடுவுல வந்தா டு, "அட்வைஸ்ட் மீ டு கோ", ஆள் இல்லன்னா இங், "அட்வைஸ்ட் கோயிங்". 'அலோ'வும் இதே கதை.

அப்புறம் 'மேக்', 'லெட்' ரெண்டுக்கும் மொட்டை வெர்புதான், டுவும் இல்ல இங்கும் இல்ல. "ஹீ மேட் மீ வெயிட்". ஆனா 'மேக்'க பாசிவ் (செயப்பாட்டு வினை) ஆக்கிட்டா போன டு திரும்ப வந்துரும், "ஐ வாஸ் மேட் டு வெயிட்". இத மட்டும் மூணு மாக் டெஸ்ட்ல கேட்டான், மூணுலயும் நான் காலி.

"டிஃபிகல்ட்டி டு ஃபைண்ட்"னு எழுதாதீங்க, "டிஃபிகல்ட்டி இன் ஃபைண்டிங்", அந்த 'இன்' இல்லாட்டியும் பரவால்ல. "வொர்த் சீயிங்", "பிஸி ரைட்டிங்", "கான்ட் ஹெல்ப் லாஃபிங்", "நோ யூஸ் க்ரையிங்" இதெல்லாம் அப்படியே முழுங்கிர வேண்டியதுதான், யோசிச்சா டைம் போயிரும்.

கோரைப்பாய்:

டீச்சர், கோடி புண்ணியம் உங்களுக்கு. 'திறக்கப் பாத்தேன், திறந்து பாத்தேன்' படிச்சுட்டு கடைல தனியா சிரிச்சேன், மாமா என்னல கோட்டி புடிச்சிட்டான்னு கேட்டாவ. ஆனா ஒரு சந்தேகம். நாம "நூல் வாங்குறதுக்கு டவுனுக்கு வந்தேன்"னு சொல்லுதோம். 'வாங்குறது' பேரு, அதுல 'க்கு' இருக்கு, நாலாம் வேற்றுமை, உங்க கணக்குப்படி அது தொழிற்பெயர். அப்ப "ஐ கேம் டு டவுன் ஃபார் பையிங் த்ரெட்"னுதான வரணும்? நான் எல்லா மெயில்லயும் அப்படித்தான் எழுதுதேன், "ஃபார் கன்ஃபர்மிங்", "ஃபார் சென்டிங்"னு. இதுவும் தப்பா?

இடையன்குடிக் காத்து:

ஆகா, கோரை தம்பி கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி! இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன், டீச்சர் வாரதுக்கு முன்ன நான் பூந்துக்கிடுதேன், மன்னிக்கணும்.

அந்த 'ஃபார் பையிங்' தப்பு. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு நோக்கம் சொல்லும்போது இங்கிலீஷ்ல "டு பை" மட்டும்தான். நம்ம பக்கம் எந்த ஆபீஸ் லெட்டர எடுத்தாலும் இந்த 'ஃபார்' இருக்கும், அதுக்கு காரணமே நம்ம 'க்கு'தான், 'வாங்குறதுக்கு'ல இருக்க 'க்கு'வ அப்படியே 'ஃபார்' ஆக்கிருதோம். ஆனா பழைய தமிழ்ல நோக்கம் சொல்லுததுக்குன்னே தனி எச்சம் இருந்துச்சு, நன்னூல்ல வான், பான், பாக்குன்னு வருமே, "உண்பான் வந்தான்"னா சாப்பிட வந்தான். அந்த 'உண்பான்'தான் 'டு ஈட்'. இப்ப நாம அத விட்டுட்டு 'சாப்பிட வந்தான்', 'சாப்பிடுறதுக்கு வந்தான்' ரெண்டையும் சொல்லுதோம், அதுல ரெண்டாவதுதான் இங்கிலீஷ்ல நம்மள குழில தள்ளுது.

இதுல வேடிக்கை என்னன்னா அந்த 'டு'வே ஆதில ஒரு 'க்கு'தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல வினைய ஒரு பேரு மாதிரி வச்சு, அதுக்கு நாலாம் வேற்றுமை உருபும் போட்டு, முன்னால 'டு'ன்னு சேத்து எழுதுனாங்க, 'பாடுறதுக்கு'ங்கிற மாதிரி. போகப் போக உருபு தேஞ்சு போச்சு, 'டு' மட்டும் தங்கிட்டு. ஆக 'டு பை'க்குள்ளயே ஒரு 'க்கு' ஒளிஞ்சிருக்கு, அதுக்கு மேல நாம 'ஃபார்' போட்டா இன்னொரு 'க்கு', 'வாங்குறதுக்குக்கு' வந்தேன்னு சொன்ன மாதிரி ஆகும். சொல்லப்போனா அவங்களே ஒரு காலத்துல 'ஃபார் டு சீ'ன்னு ரெண்டையும் சேத்து எழுதிருக்காங்க, பழைய பாட்டுல எல்லாம் வரும், அப்புறம் விட்டுட்டாங்க.

'இங்'குக்கும் கதை இருக்கு. முன்ன அது ரெண்டு தனித்தனி விகுதி. செயலுக்குப் பேரா வந்தா 'உங்' இல்லன்னா 'இங்', 'ஓடுற பையன்'ங்கிற மாதிரி அடைமொழியா வந்தா 'எண்டெ'. ரெண்டும் காலப்போக்குல ஒண்ணா கலந்து இப்ப எல்லாமே 'இங்'. அதனாலதான் 'ஸ்லீப்பிங் சைல்டு'ன்னா தூங்குற பிள்ளை, 'ஸ்லீப்பிங் பேக்'ன்னா தூங்குற பை இல்ல, தூங்குறதுக்கான பை. மொதல்ல உள்ளது பெயரெச்சம், ரெண்டாவதுதான் ஜெரண்ட்.

எங்க ஊரு இடையன்குடி, கால்டுவெல் இருந்த ஊரு, 1856ல திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதுன அதே கால்டுவெல்தான். 1891ல செத்தாரு, எங்க ஊரு கோயில்லதான் அடக்கம் பண்ணிருக்கு. அயர்லாந்துல பொறந்த மனுசன் தேரிக்காட்டு ஓரத்துல உக்காந்து நம்ம எச்சத்தையும் வேற்றுமையையும் நோண்டிருக்காரு, நம்மளுக்கு அவங்க டு எங்க வரும்னு பாக்க என்ன கேடு. சரி விடுங்க, ரூட்டு மாறிட்டேன்.

பாளை டீச்சரம்மா:

இடையன்குடி அண்ணாச்சி நல்லாவே சொல்லிட்டீங்க, எனக்கு வேலை மிச்சம். கோரை தம்பி, உன் சந்தேகம் நியாயமானது, தமிழ்ல சொல்லிப் பாக்கிற என் வழில இது ஒரு ஓட்டை, ஒத்துக்கிடுதேன். நோக்கம்னா 'க்கு'வ மறந்துட்டு 'வாங்க வந்தேன்'னு சுருக்கி சொல்லிப் பாரு, அப்ப டு தன்னால வரும். வேற ஓட்டையும் உண்டு. "தூங்குற மாதிரி நடிச்சான்", தமிழ்ல 'மாதிரி', இங்கிலீஷ்ல "ப்ரிட்டெண்டட் டு ஸ்லீப்". "சாப்பிட்டு முடிச்சேன்", தமிழ்ல எச்சம், அங்க "ஃபினிஷ்ட் ஈட்டிங்". இப்படி வழுக்குறது ஒரு பதினஞ்சு இருபது இருக்கும், அத மட்டும் எழுதி சுவத்துல ஒட்டிக்கோ. ஜெராக்ஸ் லிஸ்ட் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லல, மொத நாளே அதத் தூக்கி பிள்ள தலைல வைக்காதன்னுதான் சொல்லுதேன்.

இப்ப அந்த "லுக் ஃபார்வர்ட் டு". இங்கிலீஷ்ல டு ரெண்டு விதம். ஒண்ணு வெர்புக்கு முன்னால வர்ற டு. இன்னொண்ணு 'இன்', 'அட்', 'ஃபார்' மாதிரி ஒரு ப்ரெபோசிஷன், "கோ டு பாளை"ல வருதே அது. எழுத்து ஒண்ணு, ஆளு வேற. ஒரே வளவுக்குள்ள ஒரே பேர்ல ரெண்டு பேரு இருந்தா பட்டப்பேரு வச்சுக் கூப்பிடுவோம், இங்கிலீஷ்காரன் வைக்காம விட்டுட்டான். ப்ரெபோசிஷனுக்குப் பின்னால பேருதான் வரும், வினை வந்தாலும் பேரு வேஷம் போட்டுத்தான் வரணும், அதாவது இங்.

எது எந்த டுன்னு கண்டுபிடிக்க ஒரு சோதனை. டுவுக்குப் பின்னால 'இட்'டப் போட்டுப் பாரு. "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்", சரியா நிக்குது. அப்ப அது ப்ரெபோசிஷன், "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". "ஐ வான்ட் டு இட்", நிக்குதா? நொண்டுதுல்லா. அப்ப அது வெர்போட டு, "ஐ வான்ட் டு மீட் யூ". "அப்ஜெக்ட் டு", "அடிக்டட் டு", "கமிட்டட் டு" எல்லாத்தையும் இப்படியே சோதிச்சுக்கோ.

'யூஸ்ட் டு'தான் பெரிய வில்லங்கம். "ஐ யூஸ்ட் டு பேத் இன் குற்றாலம்"னா முன்ன குளிப்பேன், இப்ப இல்ல. "ஐ ஆம் யூஸ்ட் டு பேதிங் இன் கோல்ட் வாட்டர்"னா பச்சத் தண்ணில குளிச்சுப் பழக்கம். நடுவுல அந்த 'ஆம்' இருக்கான்னு பாத்துக்கோ, அதுதான் ஆளக் காட்டிக்குடுக்கும்.

பதனிக்காரன்:

குத்தாலம் இப்ப தென்காசி மாவட்டம் டீச்சர், 2019ல பிரிச்சாச்சு. அதனால "வீ யூஸ்ட் டு ஹேவ் குத்தாலம்"னு எழுதணும். என் ரூலு பஞ்சர்ங்கத ஒத்துக்கிடுதேன், அண்ணனுக்கும் ஃபார்வர்ட் பண்ணிட்டேன், அவன் இன்னும் ப்ளூ டிக் காட்டல.

மேம்பாலத்தடி:

ஒரு டவுட்டு டீச்சர். 'ஸ்டார்ட்', 'பிகின்', 'லவ்'வுக்கு ரெண்டும் வரும்ங்கறாங்க, அர்த்தமும் மாறாதாமே? "இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்", "இட் ஸ்டார்ட்டட் ரெயினிங்". எக்ஸாம்ல ரெண்டும் ஆப்ஷன்ல வந்தா?

பாளை டீச்சரம்மா:

ரெண்டும் சரி தம்பி, ஒழுங்கான பேப்பர்ல ரெண்டையும் ஒண்ணா ஆப்ஷன்ல வைக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு, வெர்பே இங்குல இருந்தா பக்கத்துல இன்னொரு இங் வேண்டாம், "இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்"னு எழுதிரு, "ஸ்டார்ட்டிங் ரெயினிங்" காதுக்கு ஆகாது.

கோரைப்பாய்:

டீச்சர், மெயில எழுதிட்டேன், அனுப்புறதுக்கு முன்ன, சாரி, அனுப்ப முன்ன ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. சிரிக்காதீங்க.

"டியர் மேடம், வீ ரிக்ரெட் த கன்ஃப்யூஷன் இன் மை லாஸ்ட் மெயில். வீ ஹேவ் ஸ்டாப்ட் யூசிங் நைலான் த்ரெட். ஆல் அவர் வீவர்ஸ் ஹேவ் அக்ரீட் டு யூஸ் ஒன்லி காட்டன். ஐ சஜஸ்ட் டு சென்ட் டூ சாம்பிள் மேட்ஸ் ஃபார் செக்கிங். ப்ளீஸ் லெட் மீ நோ. லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ."

மேம்பாலத்தடி:

ப்ரோ!!! 'சஜஸ்ட் டு'!!! இப்பத்தான சொன்னேன்.

பாளை டீச்சரம்மா:

மேம்பாலம், கத்தாத, பிள்ள பயந்துரும். தம்பி, நைலான் வரி, அக்ரீட் வரி, 'லெட் மீ நோ' மூணும் சுத்தம். அந்த 'சஜஸ்ட்' வரிய தூக்கிட்டு "வீ வுட் லைக் டு சென்ட் யூ டூ சாம்பிள் மேட்ஸ்"னு போடு, மரியாதையாவும் இருக்கும். 'லைக்'குக்கு ரெண்டும் வரும், ஆனா 'வுட் லைக்'னு வந்துட்டா டு மட்டும்தான். 'ஃபார் செக்கிங்'க விடு, "டு செக்"னு போட்டா அவங்க செக் பண்ணிக்கிடட்டும். கடைசி வரில இட் போட்டுப் பாத்தியா இல்லையா? "லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்". அப்ப?

கோரைப்பாய்:

ஹியரிங்! "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ." எக்கா, சாரி டீச்சர், மாத்தி அனுப்பிட்டேன், இப்ப ரெண்டு நிமிசம் முன்ன. மாமா பக்கத்துலயே நின்னு பாத்தாவ, ஒரு வரி எழுத இவ்வளவு நேரமாலன்னு கேட்டுட்டு பாய் மடிக்கப் போயிட்டாவ.

கோரைப்பாய்:

பதில் வந்துட்டு!! சாம்பிள் அனுப்பச் சொல்லிட்டாங்க. ரெண்டு இல்ல, நாலு.

பதனிக்காரன்:

சூப்பர்ல மக்கா. ஐ வுட் லைக் டு பை ரெண்டு பாய். எனக்கும் அண்ணனுக்கும். பருத்தி நூலுதான? என்ன வெலன்னு இன்பாக்ஸ்ல சொல்லு.